யார்கிட்ட பேச?

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். துள்ளி எழுந்ததில் காபி மேசையெல்லாம் கொட்டிவிட்டது.

ராஜபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே, மொழி கற்றுத்தரும் ஒரு ஆப்புக்காக வேலை பார்க்கிறேன். பாடம் படித்தால் வைரம், தினமும் வந்தால் தீச்சுடர், வாராவாரம் முதலிடம் யாருக்கு என்று பட்டியல். ஆட்களை அதிலேயே கட்டிப்போடுவதுதான் என் வேலை. ரீல்ஸை விட முடியாதவர்கள் எங்களை மட்டும் சுலபமாக விட்டுவிடுகிறார்கள். "நல்லாப் படிக்கிறவங்களே ஏன் போறாங்க? திங்கட்கிழமைக்குள்ள காரணம் சொல்லு கௌதம்ராஜ். இல்லேன்னா உன் டீமே இருக்காது" என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

விட்டுப்போனவர்களின் பட்டியலைப் புரட்டியபோதுதான் இரண்டு பேர் கண்ணில் பட்டார்கள். ஒருவர் இந்தி படித்தவர், இன்னொருவர் தமிழ். நூறு நாளுக்கு மேல் ஒருநாள்கூடத் தவறாதவர்கள். இருவருமே ஒரே நாளில், ஒரே ஊரில், மம்சாபுரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கோளாறு இல்லாமல் வேறென்ன?

இந்தி படித்தவருக்குப் போன் போட்டேன். பெயர் கனகலட்சுமி, மளிகைக்கடை வைத்திருக்கிறார். "போன்ல என்னத்தச் சொல்ல? நேர்ல வாங்க தம்பி" என்றார். ஐந்நூறு வைரம் இலவசமாகத் தர அனுமதி வாங்கிக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மம்சாபுரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

கடை வாசலில் நின்று ஆப்பின் பெயரைச் சொன்னதுமே உள்ளிருந்து ஒரு பெண்குரல் கத்தியது. "யானை பால் குடிக்கிறது!"

தூக்கிவாரிப்போட்டது. அது எங்கள் மூன்றாம் பாடம். எழுதியவனே நான்தான்.

"எம் மருமக பபிதா" என்றார் கனகலட்சுமி, சிரிப்பை அடக்க முடியாமல். "மகன் பட்டாளத்துல இருக்கான். அவங்கூட வேலை பாக்குற பையனோட தங்கச்சி இவ, இமயமலைப் பக்கம். கல்யாணத்துல நாங்க ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அந்த வேதனையிலதான் நான் இந்தி படிச்சேன். இவ இங்க வர்ற வரைக்கும் அங்கன தாய்வீட்டுல இருந்துக்கிட்டு, எனக்குத் தெரியாம தமிழ் படிச்சிருக்கா!"

"அப்புறம் ஏன்க்கா நிறுத்துனீங்க?"

"இவதான் வந்துட்டாளே! பொறவு அதைத் தொறக்க எங்க நேரம்?"

"அத்தை பேசுது, பேசுது, தூங்க விடாது!" என்றாள் பபிதா.

"திரும்பி வந்தா ஐந்நூறு வைரம் தாரேன்" என்று வெட்கமில்லாமல் ஆசை காட்டினேன். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நீங்க என்ன பாஷை தம்பி படிக்கீங்க?"

"ஜப்பான் பாஷை. நானூத்திப் பன்னெண்டு நாளா, ஒருநாள் விடல."

"அம்புட்டு நாளா! யார்கிட்ட பேச?"

ஜப்பானில் எனக்கு ஒரு ஈ, காக்கையைக்கூடத் தெரியாது. தீச்சுடர் அணையக் கூடாதென்று காய்ச்சலில் கிடந்தபோதும் எழுந்து தட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் ஒடிசாக்காரர், மில்லில் வேலை செய்பவர், எட்டு மாதமாக என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பதிலுக்கு நானும் சிரிப்பதோடு சரி. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பஸ் ஏறியதும் மேனேஜரை அழைத்தேன். என் சத்தத்தில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"சார், கோளாறே இல்ல! பேச ஆள் கிடைச்சதும் போயிட்டாங்க. வைரம், பட்டியல் எதுவும் அவங்களப் பிடிச்சு வைக்கல. இனிமே ஆப்பத் தொறந்ததும் யார்கிட்ட பேசணும்னு கேப்போம். அந்த ஆள்கிட்ட பேசத் தேவையானதை முதல்ல சொல்லித்தருவோம்."

"பேச வந்துட்டா போயிருவாங்களே?"

"போகட்டும் சார். நான் இருக்கும்போதே, இவங்க பேசுறதப் பாத்துட்டு, கடைக்கு வந்த ரெண்டு பட்டாளத்து வீட்டம்மாக்கள் அங்கேயே ஆப்ப இறக்கிக்கிட்டாங்க. ரெண்டு பேர் போனாங்க, ரெண்டு பேர் வந்தாச்சு!"

"திங்கட்கிழமை இதை எல்லார் முன்னாடியும் சொல்லு" என்றார் மேனேஜர்.

போனை வைத்ததும் அறிவிப்பு வந்தது: உங்கள் 413ஆம் நாள் காத்திருக்கிறது. ஜப்பானிய மொழியை நீக்கிவிட்டு, மாடிவீட்டுக்காரரின் ஒடியா மொழியைத் திறந்தேன். ராஜபாளையம் வருவதற்குள் 'உங்கள் பெயர் என்ன?' என்று கேட்கப் படித்துவிட்டேன்.

வீட்டுக்குள்கூடப் போகவில்லை. நேராக மாடிப்படி ஏறினேன்.