பதினாலு வீட்டுச் சோதனை

டீனாவுக்கு அருவருப்பு சுலபத்தில் வராது. ரவுட்டரைத் திறந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அது வரவும் கூடாது. எந்நேரமும் இளஞ்சூடாக இருக்கிற பெட்டி அது. சாந்தோமில் பாதி வீட்டு ரவுட்டருக்குள் கரப்பான்பூச்சி குடித்தனம் நடத்துகிறது. மூடியைக் கழற்றினால் மீசையை ஆட்டிக்கொண்டு நாலு ஓடும், முட்டை ஒன்று உருண்டு மடியில் விழும். பழைய டூத்பிரஷால் அதைத் தட்டிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பிஸ்கட் தின்கிற பெண் அவள். அப்பேர்ப்பட்டவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஃப்ளோரா டீச்சர் வீட்டுப் பால்கனியில் நின்றபோது அருவருப்பு வந்துவிட்டது. வீட்டில் மூத்திர வாடையும் பினாயில் வாடையும் கலந்து வீசியது உண்மைதான். அருவருப்பு அதனால் இல்லை.

ரவுட்டருக்குள் கம்பெனிக்காரன் வைத்து அனுப்புகிற மென்பொருளை வழித்தெடுத்துவிட்டு, பல தேசத்து ஆட்கள் கூடி எழுதிய வேறொன்றை ஏற்றலாம். பழைய பெட்டியும் புதுசு போல ஓடும். ஆனால் இவர்கள் வாரத்துக்கு நாலு சோதனைப் பதிப்பு விடுவார்கள். பில்டு என்று அதற்குப் பெயர். அது ஓடுமா, படுத்துவிடுமா என்று எழுதினவனுக்கே தெரியாது. ஏற்றிப் பார்த்துச் சொல்ல யாராவது வேண்டும். சென்னையில் அப்படிச் சொல்கிற கூட்டத்துக்குத் தலைவன் கிளிஃபர்ட். அடையாறில் ஐடி வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் கிட்டார். ஆறு மாதத்துக்கு முன்பு, ஊரார் தூக்கிப்போட்ட ரவுட்டர்களைச் சேர்த்துச் சரிசெய்து, அந்தக் கோயில் பங்கில் வயசானவர்கள் இருக்கிற பதினாலு வீட்டுக்கு இலவசமாகக் கொடுத்தான். பூசை முடிந்ததும் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவனும் கொஞ்சம்கூடக் கூசாமல் போர்த்திக்கொண்டான். வீடு வீடாகப் போய் மாட்டிக் கொடுத்தது அந்தக் கூட்டத்தில் ஒருத்தியான டீனா.

அதில் ஒரு வீடு ஃப்ளோரா டீச்சருடையது. அவர் கணவர் பவுல்சாமிக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. சர்க்கரை வேறு. டீச்சருக்கு நந்தனத்தில் பள்ளிக்கூடம். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. காலையில் கணவரைத் துடைத்து, கஞ்சி கொடுத்து, மூத்திரப் பாட்டிலைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்புவார். பீரோ மேல் ஒரு கேமரா. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே போனில் பார்ப்பார். ஏதாவது கோணலாகத் தெரிந்தால் கீழ்வீட்டு லிண்டாவுக்குப் போன். சாவி லிண்டாவிடம் இருக்கும். இந்த ஏற்பாட்டை நம்பித்தான் அந்தக் குடும்பத்தின் சோறு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பத்து மணி சுமாருக்குப் பவுல்சாமி அங்கிள் பாட்டிலுக்குக் கை நீட்டிக் கட்டிலிலிருந்து சரிந்துவிட்டார். டீச்சர் பத்தே முக்காலுக்குப் போனைப் பார்த்தார். அங்கிள் படுத்திருந்தார். பன்னிரண்டுக்குப் பார்த்தார். அப்போதும் அப்படியே படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தார். நெட் நின்றுபோனால் அந்தப் போனில் கடைசியாக வந்த படம்தான் நிற்கும் என்று டீச்சருக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், அங்கிள் தரையில் தன் ஈரத்திலேயே கிடக்கிறார். சர்க்கரைக்காரரின் மூத்திரம், சுவரிலிருந்து எறும்பு வரிசை கட்டி வந்து அவர் தொடையில் ஏறிக்கொண்டிருந்தது.

லிண்டாவைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, துடைத்து, டாக்டரையும் வரவழைத்துக் காட்டிய பிறகுதான் டீச்சர் டீனாவுக்குப் போன் செய்தார். எலும்பு முறியவில்லையாம். "நெட் வரல டீனா. முடிஞ்சா வந்து பாரும்மா" என்று மட்டும் சொன்னார். டீனா வந்தாள். ரவுட்டரின் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. லேப்டாப்பை ஒயரில் சொருகிப் பார்த்தாள். உள்ளே இருந்தது அவள் மாட்டிய பதிப்பு இல்லை. அன்றைய தேதி போட்ட புது பில்டு. காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஏறி, ஏறின வேகத்திலேயே படுத்திருந்தது.

பால்கனிக்குப் போய்க் கிளிஃபர்டைக் கூப்பிட்டாள்.

"ஆமா, பத்து மணி வாக்குல எல்லா வீட்டுக்கும் தானா ஏறுற மாதிரி வெச்சிருக்கேன். மூணு வாரமாச்சு. உன்கிட்ட சொல்லல?"

"யாருகிட்டயுமே சொல்லல."

"சொன்னா பயந்துப்பாங்க மச்சி. பெருசுங்க வீடு. பத்து மணிக்கு யாரு நெட் பாக்கப் போறா? மத்த பதிமூணும் சூப்பரா ஓடிக்கினு கீது."

"பவுல்சாமி அங்கிள் நாலு மணி நேரம் தரையில கிடந்திருக்காரு கிளிஃபர்ட். உடம்பெல்லாம் எறும்பு."

"ஐயோ பாவம்" என்றான். அதே மூச்சில், "லாக் எடுத்துட்டியா? பழசைத் திரும்ப ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்துடு, இல்லன்னா போயிடும். இது நல்ல கேஸு" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "டீச்சர்கிட்ட வோல்டேஜ் பிராப்ளம்னு சொல்லிடு. எதுக்கு வம்பு" என்றான்.

நல்ல கேஸு. ஒரு மனுஷர் நாலு மணி நேரம் எறும்புக்குத் தீனியாகக் கிடந்தது இவனுக்கு நல்ல கேஸு. டீனாவுக்குப் போனைத் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது. காது மடல்வரை கூசியது, அழுக்குத் தண்ணீர் தெறித்தாற்போல. ஆனால் அவனைத் திட்டப் போனவள் போனை வைத்துவிட்டாள். ஏனென்றால் லாகை அவள் ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தாள். வந்ததும் வராததுமாக லேப்டாப்பைத் திறந்து, அந்தப் பெட்டி கடைசி மூச்சில் எழுதிவைத்த வரிகளைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டாள். அங்கிள் படுத்திருந்த அறையை இன்னும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அருவருப்பு வந்தது அதற்குத்தான்.

உள்ளே வந்தபோது டீச்சர் ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப்போன புடவையை இன்னும் மாற்றவில்லை. கீழே அது நனைந்திருந்தது.

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும் டீனா" என்றார். "ரெண்டு தடவை பாத்தேன். ரெண்டு தடவையும் ஒரே மாதிரி படுத்திருந்தாரு. ஒரு மனுஷன் அசையவே இல்லையேன்னு எனக்குத் தோணல பாரு. ஸ்டாஃப் ரூம்ல உக்காந்து வடை தின்னுக்கிட்டிருந்தேன். அவரு என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு தொண்டை கட்டிப்போயிருக்கு."

டீனா ஒயரைச் சுருட்டினாள். வோல்டேஜ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டீச்சர் நம்பிவிடுவார். நன்றியும் சொல்வார், காபி போடவும் எழுந்திருப்பார். பிறகு சாகிற வரைக்கும் அந்த வடையை நினைத்து நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வார். கிளிஃபர்ட் அடுத்த ஞாயிறு கிட்டாரோடு வந்து நிற்பான்.

"உங்க மேல தப்பு இல்ல டீச்சர்" என்றாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்: பில்டு, பத்து மணி, பதினாலு வீடு, போனில் நின்றுபோன படம், வோல்டேஜ் என்று சொல்லச் சொன்னது, லாக்.

டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். முப்பது வருஷமாகப் பிள்ளைகள் சொல்கிற காரணங்களைக் கேட்டுப் பழகிய முகம் அது.

"அப்ப எங்க வீட்டுல வெச்சு டெஸ்ட் பண்ணியிருக்கீங்க."

"ஆமா டீச்சர்."

"இன்னிக்கு ஏத்தினது அவன். சரி. முதல் நாள் நீ வந்து மாட்டினியே, அதுவும் டெஸ்ட்டுதானா?"

"ஆமா."

"உனக்குத் தெரியும்."

"தெரியும் டீச்சர். நல்லா ஓடும்னுதான் நெனச்சேன்."

டீச்சர் தலையாட்டினார். கோபம் வந்திருந்தால் டீனாவுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

"உங்க வீட்டுல எப்படி ஓடுது?"

டீனா லேப்டாப்பைப் பைக்குள் திணித்தாள். ஜிப் ஏறவில்லை.

"கேக்குறேன் இல்ல. உங்க வீட்டுலயும் இதைத்தானே போட்டிருப்பே?"

"இல்ல டீச்சர். எங்க வீட்டுல கம்பெனிக்காரன் குடுத்ததுதான். அதுல நான் கை வெக்கல."

"ஏன்?"

"சாயங்காலம் அம்மா சீரியல் பாப்பாங்க. நடுவுல நின்னா திட்டுவாங்கன்னு."