கமாவில் தொடங்கும் சொல்

சியாமளா வீட்டுக் கொம்பியூட்டருக்கு உயிர் இருந்தது, எழும்பத்தான் மனமில்லை. பொத்தானை அமத்தினால் உள்ளே விசிறி சுற்றும், பச்சை லைட் எரியும், மூன்று தரம் நீளமாகக் கூவும். அவ்வளவுதான், திரை கறுப்பாகவே கிடக்கும். வேலைக்குப் போகப் பஞ்சிப்படுகிற ஆள் போர்வைக்குள் கிடந்தபடி "ஓம், ஓம், எழும்பிறன்" என்று சொல்கிற மாதிரி.

அதை வீட்டுக்கு அடியில் இருக்கிற பேஸ்மென்ற்றில் இருந்து தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு துவாரகா மூச்சு வாங்கினாள். ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் இருந்து ஸ்னோவுக்குள்ளால் கார் ஓட்டி வந்த மகள். மார்க்கம் நகரில் ஒரு கொம்பனியில் அவளுக்குக் கொம்பியூட்டரோடுதான் வேலை. ஆனாலும் இப்படி ஒரு கிழட்டுப் பெட்டியை அவள் தொட்டுக் கனகாலம்.

"அம்மா, இது கட்டாயம் வேணுமா? என்ர ஃபோனிலை இதைவிடப் பவர் இருக்கு. சீரியஸ்லி."

"அப்பா கேக்கிறார், பிள்ளை. திங்கட்கிழமைக்கு முதல் திருத்தித் தா."

திங்கட்கிழமை என்றதும் மகள் திருகாணியைக் கழற்றத் தொடங்கினாள்.

அப்பா, அதாவது துரை, ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். கோடையில் அவருக்கு ஸ்ரோக் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. கேட்பது அவருக்கு விளங்குகிறதா என்பதுதான் பெரிய கேள்வி. அதை அறிய ஒரு தெரப்பிஸ்ற் பெண் வந்து, லப்ரொப்பை அவர் முன் வைத்து, இடது கையால் ஏதாவது எழுதச் சொன்னாள். அவர் ஆவலோடுதான் எழுதினார். திரையில் வந்தது இதுதான்:

,Q;rhUk;

அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உலகத்தில் எந்த மொழியிலாவது கமாவில் தொடங்குகிற சொல் உண்டா? அடுத்த நாளும் அதுவே, அதற்கடுத்த நாளும் அதுவே. எழுதி முடித்ததும் துரை திரையைப் பார்ப்பார், முகம் சிவக்கும், பேஸ்மென்ற் கதவை நோக்கிக் கையை நீட்டி நீட்டி ஆட்டுவார். மூளையில் சொல் இருந்த இடம் குழம்பிப்போயிருக்கலாம் என்று அந்தப் பெண் பக்குவமாகச் சொன்னாள். ஆட்களையும் தெரியாமல் போயிருக்கலாம் என்று அதைவிடப் பக்குவமாகச் சொன்னாள். எதற்கும் இருக்கட்டும் என்று லப்ரொப்பை விட்டுவிட்டுப் போனாள். பிறகும் துரை அதில் எதையாவது தட்டிக்கொண்டேயிருந்தார், அந்தக் குப்பையை எல்லாம் துவாரகா அந்தப் பெண்ணுக்குக் காட்டச் சேர்த்துவைத்தாள்.

அந்தப் பெண் இரண்டாவதாகச் சொன்னது சியாமளாவைச் சாய்த்துவிட்டது. முப்பது வருடம் கட்டில், காசு, கண்ணீர் எல்லாம் பங்குபோட்ட மனிதனுக்கு நான் ஆரெண்டு தெரியாதா? அவளுக்குக் கோபம் வந்தது. யாரில் கோபிப்பது? கொஞ்சம் கொஞ்சமாக அவரோடு கதைப்பதை விட்டாள். சோறு ஊட்டினாள், துடைத்தாள், ரீவியைச் சத்தமாகப் போட்டுவிட்டு பாண் பேக்கரி ஷிஃப்ற்றுக்கு பஸ் பிடித்தாள். போன ஞாயிறு, ஏலாத ஆட்களை வைத்துப் பராமரிக்கிற ஒரு நேர்சிங் ஹோமில் அறை கிடைத்திருப்பதைப் பற்றித் தாயும் மகளும் அவருக்கு முன்னாலேயே கதைத்தார்கள். துரை லப்ரொப்பில் ஏதோ படபடவென்று தட்டினார், பிறகு அதை நிலத்தில் தள்ளிவிட்டார். பார், குணமும் மாறிப்போச்சு என்றாள் மகள். ஓமோ இல்லையோ என்று ஹோமுக்குத் திங்கட்கிழமை சொல்லவேண்டும். ஓம் சொல்வதென்றுதான் இருந்தது. போகமுதல் அவர் கை நீட்டிக் கேட்ட ஒன்றையாவது செய்துகொடுப்போம் என்றுதான் சியாமளா இந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துவாரகா பக்கத் தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசி, தலையணைப் பஞ்சுபோல.

"ஓ மை கோட். அம்மா, இதுக்குள்ளை ஒரு பூனையே படுத்திருக்கலாம்."

பெயின்ற் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினாள். மூன்று தரம் கூவினால் மெமறியில் பிழை என்று ஃபோனில் தேடிப் பிடித்தாள். மெமறிப் பட்டிகளை நெம்பிக் கழற்றி, அவற்றின் பொன்னிறப் பற்களைத் தாய் கொண்டுவந்த அழிறப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினாள். பொத்தானை அமத்தினாள். கூவவில்லை. திரை மெல்ல வெளித்தது. துரை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரை முதலில் காட்டியது திகதியை. 2005ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி.

"உள்ளுக்கை இருக்கிற சின்ன பற்றறி செத்துப்போச்சு. அதுதான் இதுக்கு நேரம் மறந்துபோச்சு," என்றாள் துவாரகா. "புதுசு போட்டிட்டு மாத்திவிடுறன்."

"கொஞ்சம் இருக்கட்டும்," என்றாள் சியாமளா.

வெளியே ஸ்னோ சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. அவர்கள் குடியிருந்த மல்வேர்னில் ஒட்டி ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் கூரைகள் ஒவ்வொன்றாக வெள்ளைக்குள் மறைந்தன. இந்தப் பெட்டிக்கு இப்போது 2005, வருடப் பிறப்பு. இந்த வருடத்தில் துவாரகாவுக்கு முன்பல் விழுந்திருக்கும். துரை இதே பெட்டியில், சனி ஞாயிறில், இலவசத் தமிழ்ப் பேப்பர் ஒன்றுக்கு விளம்பரம் அடித்துக்கொண்டு, திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் கூப்பிடுவார். "இஞ்சாரும்." எங்கள் ஆட்களில் கனபேர் மனைவியைக் கூப்பிடுவது அப்படித்தான். சியாமளா என்று ஒரு நாளும் அவர் கூப்பிட்டதில்லை. முதலிரவில்கூட அவர் திக்கித் திணறிச் சொன்ன முதல் சொல் அதுதான், அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள். "இஞ்சாரும், ஒரு தேத்தண்ணி." "இஞ்சாரும், உந்தக் கண்ணாடி எங்கை?" இவள் அடுப்படியில் இருந்து "என்ன?" என்று கத்துவாள். அந்தச் சத்தம் இல்லாத வீடு வீடுபோலவே இல்லை.

அதற்குள் பெட்டி மறுபடி சண்டித்தனம் பண்ணியது. விண்டோஸ் படம் வந்து அப்படியே நின்றது, உள்ளே டிக், டிக் என்று ஏதோ அடித்துக்கொண்டது.

"ஹார்ட் டிஸ்க் சாகப்போகுது," என்றாள் துவாரகா. பையில் இருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய தட்டையான ஒன்றை எடுத்தாள். "நான் புது டிஸ்க் கொண்டந்திருக்கிறன். புது விண்டோஸ் போட்டு நீற்றாத் தாறன். பழசெல்லாம் வீசலாம், ஓகே?"

துரை தொண்டையால் ஒரு சத்தம் போட்டார். இடது கை கதிரைக் கைப்பிடியில் அடித்தது.

ஏன் என்று சியாமளாவுக்கும் தெரியாது. "வேண்டாம், பிள்ளை. இருக்கிறது இருக்கிறபடி வேணும்."

"அப்பிடிக் கொப்பி பண்ண ஆஃப்ரர்நூன் முழுக்கப் போகும், அம்மா. இடையிலை செத்தாலும் சாகும்."

"போகட்டும். பண்ணு."

பழைய டிஸ்க்கில் இருந்து புதியதற்கு எல்லாம் ஊரத் தொடங்கியது. திரையில் ஒரு நீலக்கோடு வளர்ந்தது, வளர்ந்ததா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மெதுவாக. மூன்று பேரும் உலை கொதிக்கக் காத்திருப்பவர்கள்போல அதையே பார்த்தார்கள். விசிறி இரைந்தது. ஸ்னோ வெளிச்சம் சுவரெல்லாம் பரவி, வீடு ஒரு பால் நிறத்துக்குள் மிதந்தது. துவாரகா சோஃபாவில் சரிந்தாள். சியாமளாவுக்கும் கண் சொக்கியது. சொக்கிய கண்ணுக்குள் பேஸ்மென்ற் படி கீழே கீழே போய்க்கொண்டிருந்தது, அடியில் வெளிச்சம். அங்கிருந்து அவர் கூப்பிட்டார். இஞ்சாரும்.

"என்ன?" என்று அவள் கத்திக்கொண்டே எழும்பினாள்.

விசிறிச் சத்தம்தான். துரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்தது, அவளுக்கு ஏனென்று விளங்கவில்லை.

நீலக்கோடு மறுகரை சேர்ந்திருந்தது. துவாரகா புது டிஸ்க்கைப் பூட்டி, பற்றறியையும் மாற்றி, பொத்தானை அமத்தினாள். இந்த முறை நோஞ்சான் பெட்டி இளந்தாரிபோலத் துள்ளி எழும்பியது. அப்பா அடிக்கிற பக்கத்தைத் திறந்தவள் நெற்றியைச் சுருக்கினாள். திரையின் மேல் மூலையில் ஒரு பெயர் இருந்தது.

"அம்மா, ஆர் இந்த பாமினி?"

சியாமளா அந்தச் சூழ்நிலையிலும் சிரித்துவிட்டாள். அந்தப் பாமினிக்காக ஒரு காலத்தில் இந்த வீட்டில் சண்டை நடந்தது. ஃபோனில் துரை யாரோடோ "பாமினி இல்லாமல் ஒண்டும் செய்யேலாது" என்று சொல்வதைக் கேட்டு இவள் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது பெண்ணில்லை, கொம்பியூட்டரில் அடிக்கிற ஒரு தமிழ் எழுத்து வகை. கீபோர்ட்டின் ஆங்கிலக் கட்டைகளிலேயே அடிக்கலாம், ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு தமிழ் எழுத்து விழும். அது எப்படி என்று அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

துரை கையை நீட்டினார். எழுத்தெல்லாம் தேய்ந்த பழைய கீபோர்ட்டை மகள் அவர் மடியில் வைத்தாள். இடது கை விரல் இறங்கியது. முதலில் கமா.

"திரும்பவும் அதே, அம்மா," என்றாள் துவாரகா, பாவமாக.

ஆனால் திரையில் கமா விழவில்லை. இ என்று விழுந்தது. பிறகு ஞ். பிறகு சா. சியாமளா திரைக்குக் கிட்டக் குனிந்தாள்.

இஞ்சாரும்

கோடை தொடக்கம் அந்தப் பெண்ணும், மகளும், தானும் குப்பை என்று தள்ளிய அத்தனையும் அவளுக்கு ஒரேயடியாக விளங்கியது. கூப்பிட்டிருக்கிறார். அவ்வளவு நாளும் இந்த மனிதன் என்னைக் கூப்பிட்டிருக்கிறார், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன?" என்றாள். அவருக்குப் பக்கத்தில் போனாள். திரும்பச் சொன்னாள். "என்னப்பா, சொல்லுங்கோ."

துரை சொல்லவில்லை, லப்ரொப்பைக் காட்டினார். துவாரகாவுக்கு உடனே பிடிபட்டது, லப்ரொப்பில் பாமினி இல்லை, அதுதான் குப்பையாக விழுந்திருக்கிறது. தெரப்பிஸ்ற்றுக்குக் காட்ட என்று அவள் சேர்த்துவைத்திருந்ததை எல்லாம் இங்கே கொண்டுவந்து, பாமினிக்கு மாற்றினாள். ஒரு பக்கம் முழுக்கக் குப்பையாகக் கிடந்தது கண்முன்னே தமிழாக எழும்பி நின்றது. துவாரகாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவரும். சியாமளா வாசித்தாள்.

இஞ்சாரும். இஞ்சாரும். இஞ்சாரும், ரீவியைக் கொஞ்சம் குறையும். இஞ்சாரும், வெளியிலை சறுக்கும், பூட்ஸைப் போட்டுக்கொண்டு போம். இஞ்சாரும், சொதிக்கு உப்புக் காணாது. இஞ்சாரும், என்னிலை கோவமே, ஏன் கதைக்கிறீரில்லை?

கடைசி வரி போன ஞாயிற்றுக்கிழமையுடையது. அதை அவள் சத்தமாக வாசிக்கவில்லை.

இஞ்சாரும், என்னை விட்டிடாதையும்.

துவாரகா எட்டிப் பார்த்து, எழுத்துக்கூட்டி, முடித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, ஸொறி. ஸொறி, அப்பா."

சியாமளா அவர் காலடியில் இருந்து, விழுந்துபோன வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்தாள். "நான் அனுப்பமாட்டன். ஒரு இடமும் அனுப்பமாட்டன். கோவமில்லை எனக்கு. தெரியேல்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரியேல்லையப்பா."

திங்கட்கிழமை என்ன சொல்வது, ஷிஃப்ற்றை எப்படி மாற்றுவது, எந்தெந்த நாளில் தான் வந்து நிற்பது என்றெல்லாம் துவாரகா ஃபோனில் பார்க்கத் தொடங்கினாள். வெளியே ஸ்னோ நின்றபாடில்லை. சியாமளா சொதியைச் சூடாக்க அடுப்படிக்குப் போய், உப்புப் போத்தலைத் திறந்தாள்.

முன்னறையில் கட்டைகள் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, அப்பா கூப்பிடுறார்."

"என்ன?" என்று அடுப்படியில் இருந்து கத்தினாள்.

திரும்பவும் தட்டுகிற சத்தம். திரும்பவும் துவாரகா சொன்னாள். கையில் உப்போடு சியாமளா ஓடிவந்து பார்த்தாள். திரையில் அந்த ஒரு சொல்தான், ஒன்றின்கீழ் ஒன்றாக.

"என்னப்பா, என்ன வேணும்?"

துரை அவளைப் பார்த்தார், வாயின் இடது பக்கத்தால் சிரித்தார். அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சும்மா கூப்பிட்டுப் பார்த்தார்.