சுற்று வழி

மத்தியாஸ் இருபத்திரண்டு வருடமாக லாரி ஓட்டுகிறவர். தம்புனில் விளையும் பம்பளிமாஸ் பழங்களை ஈப்போவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஏற்றிப்போவது அவர் வேலை. வழியில், ஹைவேயில் கோலகங்சாருக்கு முன்னால், மலையைக் குடைந்து போட்ட மெனோரா சுரங்கப்பாதை உண்டு. நுழைந்து வெளிவர ஒரு நிமிடம் ஆகாது.

மார்ச் மாதம் ஒரு காலை, அந்தச் சுரங்கத்துக்குள் அவர் லாரியும் மற்ற வண்டிகளும் நகராமல் நின்றன. மத்தியாஸுக்குத் திடீரென்று நெஞ்சு அடைத்தது. விரல்கள் மரத்தன, மூச்சு கிடைக்கவில்லை. செத்துவிடப்போகிறோம் என்றே நினைத்தார். எப்படியோ வெளியே வந்து சாலையோரம் நிறுத்தி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். இது பயத்தால் வருவது, கவுன்சலரைப் பாருங்கள் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். மத்தியாஸ் அதைக் கிழித்துப் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. சுங்கை சிப்புட் வழியாகப் பழைய ரோட்டைப் பிடித்தார். சரக்கு தாமதமானது. முதலாளி கேட்டபோது, ரோட்டில் வண்டி நெரிசல், ஜாம் என்றார். மனைவி கத்தரினிடமும் அதையேதான் சொன்னார்.

ஆகஸ்டில் தைப்பிங்கில் ஒரு கல்யாணம். காரில் போகும்போது, ஹைவேக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் அவர் திரும்பவில்லை.

"என்னங்க, இந்தப் பக்கம் ஏன் போறீங்க?"

"அங்க ஜாம்லா."

கத்தரின் போனில் பார்த்தாள். "ரோடு காலியா இருக்கு. என்னா விஷயம்? நெசத்த சொல்லுங்க."

அவர் ஒரு கடைமுன் காரை நிறுத்தினார். எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், "பைத்தியம்னு தெரிஞ்சா வேலையே போயிரும்" என்றார்.

"சுகர் வந்தப்ப கிளினிக் போனீங்க தானே? இதுக்கும் போலாம். நானும் வாரேன்."

அரசாங்கக் கிளினிக்கில் கவிநயா என்ற கவுன்சலர் இருந்தாள். முப்பது வயது இருக்கும். அவள் மாத்திரை தருவாள் என்று மத்தியாஸ் எதிர்பார்த்துப் போனார். அவள் கேள்விகள்தான் கேட்டாள். உங்களுக்கு என்ன வயது? நாற்பத்தேழு. வீட்டில் யாருக்காவது இருதய நோய் உண்டா? அப்பாவுக்கு. அவர் இறந்தபோது என்ன வயது?

 மத்தியாஸின் அப்பா பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். வேலை செய்துகொண்டிருந்த மர வரிசையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். தோட்டத்து லாரியில் ஏற்றினார்கள். பதினாறு வயது மத்தியாஸ் மடியில்தான் தலை கிடந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது.

"அவருக்கும் நாப்பத்தேழு தான் மிஸ்" என்றார். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்தது. கவிநயா காத்திருந்தாள்.

அடுத்த வாரம் அவள் ஒரு மெல்லிய ஸ்ட்ராவைக் கொடுத்து, அது வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னாள். பாதியிலேயே நெஞ்சு அடைத்தது. அவர் ஸ்ட்ராவை எறிந்தார்.

"அதே தான்! அன்னிக்கு வந்தது இதே தான்!"

"இப்ப நாமளே வர வச்சோம் அண்ணே. செத்தீங்களா?"

"இல்ல."

"கொஞ்சம் பொறுத்திருங்க. என்ன ஆவுதுன்னு பாருங்க."

மூன்று நிமிடத்தில் அது தானாக இறங்கியது. பயம் ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். அதற்குமுன் நாம் ஓடிவிட்டால் ஓடியதால்தான் பிழைத்தோம் என்று உடம்பு நம்பிவிடும் என்று அவள் விளக்கினாள். வீட்டிலும் தினமும் ஸ்ட்ராவில் பழகச் சொன்னாள். அவர் பழகினார்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தரின் கார் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சுரங்கத்துக்குள் போனார்கள். முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் ஞாயிறு திறந்து வைத்திருந்தார். நான்காம் ஞாயிறு அவரே ஓட்டினார். பயம் வந்தது, கைகள் வியர்த்தன. "வா, வந்துட்டுப் போ" என்று சத்தமாகச் சொன்னார். மறுபக்கம் வெளிச்சம் வந்தபோது, அவர் பயத்தோடு பேசியதைக் கேட்டுக் கத்தரின் சிரித்துக்கொண்டிருந்தாள், அவருக்குக் கோபம்கூட வந்தது.

அக்டோபர் முதல் லாரி பழையபடி ஹைவேயில் போகிறது. கடைசிச் சந்திப்பில், "இனிமே வராது தானே மிஸ்?" என்று கேட்டார்.

"வரலாம் அண்ணே. என்ன செய்யணும்னு தெரியும் தானே?"

டிசம்பரில் ஒரு பேரங்காடி லிஃப்டில் அந்தப் பயம் மறுபடி வந்தது. ஆறு பேர் நெருக்கி நின்றார்கள். நடுவில் இறங்கிவிடலாமா என்று தோன்றியது. இறங்கவில்லை. ஐந்தாவது மாடியில் கதவு திறந்ததும் சுவரோரம் சற்று நின்றார். பிறகு கத்தரினுக்குப் போன் செய்து, "இப்ப லிஃப்டுல வந்துச்சு. போயிருச்சு. உனக்கு என்ன வாங்கணும்?" என்றார்.