மோனோசைட் பதினாலு

"உன்னைய இன்னைக்கே முள்ளுக்குறிச்சியில உங்கம்மா ஊட்டுல உட்டுட்டு வாரேன்," என்றான் பூபதி, மனைவி கோகிலாவிடம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் நின்றபடி, ரத்தப் பரிசோதனைச் சீட்டை நான்காக மடித்தான். பத்து நாளாக அவனுக்குக் காய்ச்சல் விடவில்லை. சீட்டில், மோனோசைட் என்ற வெள்ளணு பதினாலு சதவீதம் என்றிருந்தது. பத்துக்குள் இருக்க வேண்டுமாம். ஏன் கூடுகிறது என்று போனில் தேடியவன் கண்ணில் ரத்தப் புற்றுநோய் என்ற ஒன்றுதான் பட்டது. கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"நீயாச்சும் நல்லாயிரு புள்ள."

"டாக்டரம்மா வாயத் தொறக்கறதுக்குள்ள நீங்களே சொல்லிப்போட்டீங்களா? உள்ள வாங்க," என்று கோகிலா அவன் கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

டாக்டர் ஆரோக்கியமேரி சீட்டைப் பிரித்துப் படித்தார். "புற்றுநோய்லயும் கூடும். ஆனா அது அபூர்வம். அப்படின்னா பெரும்பாலும் மத்த அணுக்களும் தாறுமாறா இருக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. டி.பி., நாள்பட்ட புண், சில வகைக் காய்ச்சல்னு எத்தனையோ காரணம் இருக்கு. சமீபத்துல புதர் வெட்டினீங்களா?"

"ஆமாங்க, மிளகுக் கொடிக்கடியில. போன மாசம் பூராவும்."

"உடம்புல எங்கயாவது கருப்பா, வலிக்காத பொருக்கு?"

"இல்லீங்க."

"இருக்குதுங்க," என்றாள் கோகிலா.

"எங்கேம்மா?" என்றார் டாக்டர்.

பூபதி முறைத்தான். கோகிலா சுவரைப் பார்த்தாள். சொல்லக் கூச்சமாக இருந்தது. சொல்லாமல் விட்டால் இந்த மனுஷன் தன்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

"அரைஞாண் கயித்துக்குக் கீழங்க. வலது பக்கம். கயிறு ஒரசுன புண்ணுன்னு நெனச்சேன்."

"பக்கம் வேற சொல்லோணுமா?" என்று முணுமுணுத்தான் பூபதி. நர்ஸ் ஜெனிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

திரைக்குப் பின்னால் பரிசோதித்துவிட்டு டாக்டர் வந்தார். "உண்ணிக் காய்ச்சல் மாதிரிதான் இருக்கு. புதர்ல இருக்கற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. உறுதிப்படுத்த ரத்தம் எடுக்கறோம். மாத்திரையை இப்பவே ஆரம்பிச்சிடலாம். ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் விடணும். விடலைன்னா உடனே வாங்க. ஒரு மாசம் கழிச்சு இந்த எண்ணிக்கையைத் திரும்பப் பார்ப்போம். உங்க சம்சாரம் சொல்லலைன்னா இன்னும் தேடிக்கிட்டே இருந்திருப்போம்."

வெளியே முள்ளுக்குறிச்சிக்கு மலையிறங்கும் பஸ் கிளம்ப நின்றது. பூபதி அதன் படியைப் பார்த்தான், ஏறவில்லை. அவர்கள் ஊருக்குப் போகும் வளப்பூர் பஸ் வந்ததும் கோகிலா ஏறி, பக்கத்து இடத்தில் கையை ஊன்றிப் பிடித்து வைத்தாள். அவன் வந்து உட்கார்ந்தான். பஸ் இரண்டு வளைவு தாண்டியது.

"போனதும் சோறு ஆக்கு புள்ள," என்றான் பிறகு. "பசிக்குது."