லாயாங் லாயாங் போன பந்து

மலாயாவில், குளுவாங்கில் நாங்கள் தரையில் அடித்த பந்து பல மைல் தள்ளி லாயாங் லாயாங் என்ற ஊரில் போய் இறங்கியது. வழியில் ரெங்கம் என்ற ஊரில் சற்று இளைப்பாறியதாகவும் கேள்வி. மேலே போகும்போது அது ஒரு பருந்தின் இறக்கையை உரசிக்கொண்டு போனதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பருந்து திரும்பிப் பார்த்து முறைத்தது.

சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன். நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நோயாளியின் காய்ச்சலைக்கூட வினிஃப்ரெட் ஒரு டிகிரி கூட்டித்தான் சொல்லுவாள் என்று கூட வேலை பார்த்தவர்கள் புறம் பேசியதுண்டு. பொறாமை, வேறென்ன. போகட்டும், பருந்தை வேண்டுமானால் உங்களுக்காக விட்டுக்கொடுக்கிறேன். பந்தை விடமாட்டேன்.

முப்பத்தைந்தாம் வருஷம். குளுவாங்கில் ரயில் பாதையை ஒட்டி எங்கள் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடம். நடுவே ஒரு கம்பி வேலியும் ஒரு மாமரமும்தான். ரயில் போகும்போது கரும்பலகை ஆடும் ஆட்டத்தில் மூன்று எட்டாகத் தெரியும். நான் கணக்கில் வாங்கிய முட்டைகளுக்கெல்லாம் மலாயா ரயில்வேதான் பொறுப்பு.

அந்தத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் பெரிய மிஸ் மூன்று செய்திகள் சொன்னார். பெரிய மிஸ் என்றால் எங்கள் தலைமையாசிரியை, வெள்ளைக்காரப் பெண்மணி. இந்தியாவில் சில காலம் இருந்து தமிழ் கற்றவர். முதல் செய்தி, தையல் கண்காட்சிக்குத் தலையணை உறைகளை முடித்துக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, காலில் போடும் கேன்வாஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசாதவர்கள் ஜெபக் கூடத்துக்குள் வரக்கூடாது. மூன்றாவது செய்தியைக் கேட்டதும் முதல் இரண்டும் எங்களுக்கு மறந்தே போயின. சனிக்கிழமை ஜொகூர் பாருவிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்கள் ரயிலேறி வந்து எங்களோடு வலைப்பந்து ஆடப்போகிறார்கள்!

எங்கள் குழுவுக்குத் தலைவி ராஜம்மா. பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்த வீரமுத்துவின் மகள். அந்தத் தோட்டத்திலிருந்து படிக்க வந்த முதல் பெண். இவள் பெட்டியோடு புறப்பட்ட அன்றைக்கு லயம், அதாவது கூலிகளின் வரிசை வீடுகள், முழுக்க வாசலில் நின்று சிரித்ததாம். 'போற வண்டியிலேயே திரும்பி வந்துரும் பாரு' என்று பந்தயம் கட்டினவர்களும் உண்டு. அவள் வந்து இரண்டு வருஷமாகிவிட்டது. அவர்கள் இன்னும் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பந்துக்குள் இருந்த காற்றுப்பை வெடித்தது. பள்ளிக்கூடத்துக்கே அது ஒன்றுதான் பந்து. புதுப் பை சிங்கப்பூரிலிருந்து வரவேண்டும், வந்துசேர அடுத்த வாரம் ஆகிவிடும். எல்லாரும் ஒப்பாரி வைக்க, ராஜம்மா மட்டும் தோல் உறையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள்.

கொல்லையில் ஆறேழு கிழட்டு ரப்பர் மரங்கள் நின்றன. பால் வெட்ட ஆளில்லை, ஆனால் பிள்ளைகள் கீறி வைப்பார்கள். கீறின கோட்டில் பால் வழிந்து காய்ந்து நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் ஒட்டுப்பால். தோட்டத்துப் பிள்ளைகள் அதை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றி உருட்டினால் பந்து. ராஜம்மாவுக்குத் தெரிந்த பந்து அதுதான். ஆகவே காற்று இருக்கவேண்டிய இடம் முழுக்க ஒட்டுப்பாலைத் திணித்து, தோல் உறையை இழுத்துக் கட்டிவிட்டாள். நாற்றம் என்றால் அப்படியொரு நாற்றம். மாமரத்துக் குருவிகள் எல்லாம் அன்றைக்கே குடிபெயர்ந்து ஸ்டேஷன் கூரைக்குப் போய்விட்டன.

வியாழக்கிழமை மாலை ஹாஸ்டல் வராந்தாவில் பந்தோடு நின்றாள் ராஜம்மா. ஹாஸ்டல் ஆளுயரக் கட்டைகள்மேல் நிற்கிற பலகை வீடு. வராந்தாவை ஒட்டிக் கீழே மழைத்தண்ணீர் ஓட சிமெண்டுத் தளம் போட்டிருக்கும். என்னைத் தவிர அங்கே யாரும் இல்லை.

"ராஜம்மா, இது பந்தாடி, பூசணிக்காயா?" என்றேன்.

"வாயை மூடு வினி."

"ஜொகூர் பாருக்காரங்க ஆட மாட்டாங்கடி. மூக்கைப் பிடிச்சிக்கிட்டு அடுத்த ரயிலுக்கே ஓடிருவாங்க. நமக்கு வெற்றிதான் லா."

அவளுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். இரண்டு காதும் குங்குமமாகச் சிவந்தன. பந்தைத் தலைக்குமேல் தூக்கிக் கீழே சிமெண்டில் ஓங்கி அடித்தாள்.

அது எழும்பியது. எங்கள் தலையைத் தாண்டி, மாமரத்தைத் தாண்டி, நான் விட்டுக்கொடுத்த அந்தப் பருந்தைத் தாண்டிப் போனது. வேலிக்கு அப்பால், ஸ்டேஷனை விட்டு அப்போதுதான் தெற்கே நகர்ந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டியின் திறந்த பெட்டி ஒன்றில் 'தொப்'பென்று விழுந்தது. நாங்கள் திறந்த வாயை மூடுவதற்குள் கார்டு வண்டியும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

விசாரித்தவர் மிஸ் பியாட்ரிஸ். கணக்கு ஆசிரியை, ஹாஸ்டல் பொறுப்பும் அவர்தான். அவர் நம்பியவை இரண்டே இரண்டு: ஆண்டவர், அரித்மெடிக்.

"பந்து எங்க?"

"ரயில்ல போயிடுச்சு, மிஸ்" என்றாள் ராஜம்மா.

"ஓ. டிக்கெட் யாரு எடுத்துக் குடுத்தது?"

"மிஸ், நான் பாத்தேன்! மாமரத்துக்கு மேல, ஒரு பருந்து..."

"வினிஃப்ரெட். போன வாரம் குளியலறையில முதலையப் பாத்தது யாரு?"

"நான்தான், மிஸ்."

"முதலையா?"

"உடும்பு, மிஸ்."

"உடும்பா?"

"பெரிய பல்லி, மிஸ்."

மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் சாட்சியம் அத்தோடு முடிந்தது.

"ராஜம்மா, எந்தப் பந்தும் விழுந்த உயரத்துக்கு மேல எழும்பாது. இது கணக்கு. உன் கையில உறை கிழிஞ்சிருக்கும், பயத்துல கிணத்துல போட்டிருப்ப. அப்படின்னு ஒத்துக்கோ, மன்னிச்சிடறேன். ஆகாசத்துல போச்சு, ரயில்ல போச்சுன்னு சாதிச்சேன்னா, ஞாயித்துக்கிழமை உங்கப்பாவுக்கு ஆள் அனுப்புவேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும். பொய் சொல்ற பிள்ளைக்கு என் ஹாஸ்டல்ல இடமில்ல."

துணி துவைக்கிற கல்லடியில் போய் உட்கார்ந்தாள் ராஜம்மா.

"கிணறுன்னு சொல்லித் தொலையேன்டி" என்றேன். "பிடிக்கலன்னா வேற நல்ல பொய்யா தரேன். குரங்கு தூக்கிட்டுப் போச்சுன்னு சொல்லு. எங்கிட்ட நிறைய இருக்கு."

"உன் பொய் எனக்கு வேணாம். உன் வாயில வந்ததாலதான் உண்மையே பொய்யாப் போச்சு."

"அதுக்கில்லடி..."

"கிணத்துல போட்டேன்னு சொன்னா, கிணத்துல இறங்கித் தேடுவாங்க. அங்கயும் இருக்காது. அப்ப ரெண்டு பொய்யாயிடும்." நகத்தைக் கடித்துத் துப்பினாள். "நான் திரும்பிப் போனேன்னா எங்க லயத்துலேருந்து இனிமே ஒரு பொண்ணும் ரயில் ஏறாது, வினி. சிரிச்சவங்களுக்கு அது ஒண்ணு போதும்."

மறுநாள் காலை மிஸ் முன்னால் போய் நின்றாள். "மிஸ், இன்னொரு பந்து சுத்தறேன். நீங்களே போட்டுப் பாருங்க."

"வேலையத்த வேலை" என்றார் மிஸ். ஆனால் இடைவேளையில் மாமரத்தின் நிழலை அடிக்கோல் வைத்து அளந்துகொண்டிருந்தவர் யார்? சாட்சாத் மிஸ் பியாட்ரிஸ்தான். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, அதன் நிழலையும் அளந்து, உதட்டுக்குள் முணுமுணுத்து, மரம் இருபத்து மூன்று அடி என்றார். எனக்குத் தெரிந்து அது இருநூறு அடி இருக்கும். நிழல்கள் எப்போதும் குறைத்துத்தான் சொல்லும்.

அவருக்கே அரிப்பு வந்துவிட்டது என்றால் எங்களைக் கேட்கவேண்டுமா? ஹாஸ்டல் முழுக்க ஒட்டுப்பால் உரிக்கக் கிளம்பியது. முதல் நாள் நாற்றம் தாங்காமல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு திரிந்த சந்திரமதி, மரத்தின்மேலேயே ஏறிவிட்டாள். போகுமா, போகாதா என்பதைத் தவிர அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. தையல் வகுப்பில் யாரோ தலையணை உறையின் நாலு பக்கத்தையும் சேர்த்துத் தைத்துவிட்டார்கள்.

மாலை கூட்ஸ் வண்டி புறப்படும் நேரம். வராந்தாவில் மிஸ் பியாட்ரிஸ். கீழே நாங்கள் எல்லாரும்.

மிஸ் பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தப் பந்துக்கு மேலே உறை இருந்துச்சே. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் சோதனை. ஏதாவது உறை கொண்டாங்க."

உறைதானே? ஒரே ஓட்டமாக ஆசிரியைகள் அறைக்கு ஓடினேன். அங்கே பெரிய மிஸ்ஸின் டீ கெண்டி இருந்தது. சூடு ஆறாமல் இருக்க அதன் தலையில் கம்பளிக் குல்லா ஒன்று மாட்டியிருக்கும். சீமையிலிருந்து அவருடைய அக்காள் பின்னி அனுப்பியது. சுற்றிலும் ரோஜாப்பூ வேலை. ஒட்டுப்பால் பந்துக்கென்றே அளவெடுத்துப் பின்னின மாதிரி அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது. சோதனை ஜுரத்தில் இருந்த மிஸ் அது என்ன என்றுகூடப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டார்.

கையை நீட்டி, பந்தை மெல்ல விட்டார். அது சிமெண்டில் பட்டு முழங்கால் உயரம் எழும்பிப் படுத்தது.

"பாத்தியா?"

"விழ விடக்கூடாது மிஸ். அடிக்கணும்" என்றாள் ராஜம்மா.

மிஸ் இரண்டாம் முறை போட்டார். அவர் அடித்தது, தூங்குகிற குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல இருந்தது. பந்து இடுப்புவரை வந்தது. ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி ஊதியது. ராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள். மறுநாள் ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவும், லயத்து வாசலில் நின்ற அத்தனை பேரும் அந்த ஊதலிலேயே வந்து இறங்கிவிட்ட மாதிரி நின்றாள்.

அவள் நேற்று எப்படி அடித்தாள் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். எதனால் அடித்தாள் என்பதும்தான்.

"மிஸ்" என்றேன், மிகவும் பணிவாக. "ஜொகூர் பாரு பள்ளிக்கூடத்துக் கணக்கு மிஸ் ஒண்ணு சொன்னாங்களாம்."

"என்ன?"

"போன வருஷப் பரீட்சைக்கு நீங்க போட்ட கணக்கு ஒண்ணு தப்பாம், மிஸ்."

"எந்தக் கணக்கு?"

"வகுத்தல், மிஸ். ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சரியாப் போடும்னு சிரிச்சாங்களாம்."

அப்படி யாரும் சொல்லவில்லை. அதற்கென்ன? மிஸ் பியாட்ரிஸின் காதும் சிவக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பந்து அவர் கையோடு தலைக்குமேல் போனது. "வகுத்தலா!" என்று ஒரு சத்தம். சிமெண்டு அதிர்ந்தது.

ரோஜாப்பூக் குல்லாவோடு அது மேலே போன அழகை எப்படிச் சொல்வேன்! எங்கள் அத்தனை பேர் கழுத்தும் ஒன்றாக நிமிர்ந்தது. மாமரத்துக்கு மேலே அது ஒரு கணம் நின்றது. நின்று ஊரைச் சுற்றிப் பார்த்தது என்றே சொல்வேன். பிறகு வேலிக்கு அப்பால் சாய்ந்து இறங்கி, நகர்ந்துகொண்டிருந்த கூட்ஸ் வண்டியில், பலகை ஏற்றின பெட்டி ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தது.



"அலமாக்" என்றார் மிஸ் பியாட்ரிஸ். மலாயில் 'ஐயையோ' மாதிரி. நாங்கள் அந்தச் சொல்லைச் சொன்னால் பைபிளிலிருந்து ஒரு முழுச் சங்கீதத்தை எழுத வைக்கிறவர்.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசிச் சொல் அவருக்கு உரியது. லாயாங் லாயாங் ஸ்டேஷன் மாஸ்டர் சபாபதி இரண்டு பந்தையும் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்து, மறுநாள் காலை ரயிலிலேயே குளுவாங்குக்கு ஏற்றிவிட்டார். ஆட்டம் நடந்தது. ராஜம்மாதான் தலைவி. நூற்றுக்குப் பூஜ்யம் என்று வென்றோம். சரி, பதினொன்றுக்கு ஒன்பது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மாலை அதெல்லாம் யாருக்குத் தெரியும்? டீ மணி அடித்தது. வராந்தாக் கோடியில் பெரிய மிஸ் வந்து நின்றார். கையில் மொட்டைத் தலையோடு டீ கெண்டி.

"பியாட்ரிஸ், என் குல்லாய் எங்கே?"

மிஸ் பியாட்ரிஸ் தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு ரயில் பாதையைப் பார்த்தார். எது எதன்மேல் மாட்டியிருந்தது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"கிணறுன்னு சொல்லுங்க, மிஸ்" என்று கீழிருந்து கிசுகிசுத்தேன். "இல்ல, குரங்கு."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ராஜம்மாவைத்தான் பார்த்தார். ராஜம்மாவும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரயில்ல போயிடுச்சு, மேடம்" என்றார் மிஸ் பியாட்ரிஸ்.

"ரயிலிலா?"

"நான்தான் பந்துல மாட்டி அடிச்சேன். மாமரத்தைத் தாண்டிப் போயிடுச்சு."

பெரிய மிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பியாட்ரிஸ், உனக்குக் காய்ச்சலா?"

"இல்ல, மேடம்." மிஸ் பியாட்ரிஸ் நிமிர்ந்து நின்றார். "நேத்து ராஜம்மாவோட பந்தும் இப்படித்தான் போச்சு. அவ சொன்னா, நான்தான் நம்பல. நடந்துச்சு, மேடம். நிஜமாவே நடந்துச்சு."