பதினோரு நிமிடத்துக்கு ஒரு விக்கல்

மின்விசிறியின் அடியில் இருந்த வெளிநாட்டு லேபிளை நகத்தால் கிள்ளி உரித்துவிட்டு, 'உள்நாட்டுத் தயாரிப்பு' என்ற லேபிளை ஒட்டினாள் அவள். காலையிலிருந்து இதே வேலைதான். தடுப்புக்கு அப்பால் கூடம் முழுக்க இயந்திரங்கள் இரைந்தன. ஆனால் ஒன்றுகூட ஓடவில்லை. தார்ப்பாய் போர்த்திய இயந்திரங்களுக்கு நடுவே, எப்போதோ பதிவுசெய்த சத்தத்தை, மறைவாக வைத்த ஓர் ஒலிபெருக்கி உறுமிக்கொண்டிருந்தது. தெருவில் போகிறவர்கள் கேட்க வேண்டுமாம்.

வெளிநாட்டு விசிறிக்கு வரி போட்டபோது ஊரே துள்ளிக் குதித்தது. இனி இங்கேயே செய்வார்கள், மூடிய தொழிற்சாலை திறக்கும் என்றார்கள். திறந்தது. முதலாளி அதே விசிறியை உதிரிபாகம் என்று சொல்லிக் குறைந்த வரியில் இறக்கினார். விலையை மட்டும், முழு வரி கட்டிய விசிறிக்குச் சமமாக ஏற்றினார். லேபிள் ஒட்டுகிற அவள் வீட்டிலேயே விசிறி வாங்க வழியில்லை. வேலை போய்விடுமே என்று புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை.

அவன் அங்கே இருபது வருஷம் ஃபிட்டராக இருந்தவன். தினமும் மதிலோரம் நின்று காது கொடுத்துக் கேட்பான். "மூணாவது மெஷின்ல பெல்ட் நழுவுதுடி. பதினோரு நிமிஷத்துக்கு ஒரு தடவை விக்குது. என்னைக் கூப்பிடாம எங்க போயிடுவாங்க?" என்பான். பதிவு முடிந்து மறுபடி தொடங்கும் இடம் அது. அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அன்று மதியம், காவலாளி அசந்த நேரத்தில், அவன் கருவிப் பையோடு உள்ளேயே வந்துவிட்டான்.

"பெல்ட் அறுந்தா யாரு கையாவது போயிடும்டி!"

மூன்றாவது இயந்திரத்தின் தார்ப்பாயை இழுத்தான். பெல்ட்டே இல்லை. சிலந்தி வலை ஆடியது. உள்ளங்கையை வைத்தான், இரும்பு ஜில்லென்றிருந்தது. சுற்றிலும் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அடுத்ததை இழுத்தான், அதற்கடுத்ததை இழுத்தான். எல்லாமே சும்மா கிடந்தன. அந்த நேரம் பார்த்து சத்தத்தில் அந்த விக்கல் விழுந்தது.

அவன் அவள் பக்கம் திரும்பினான். "தினமும் கேட்டேனே... எனக்குப் புத்தி பிசகிடுச்சாடி?"

அவள் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினாள். விழுந்த அமைதியில் காது அடைத்தது. கேட்டுக்கு வெளியே வேலை விண்ணப்பத்தோடு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகலைங்க. பொய்யை ஒட்டிக்கிட்டிருந்தது நான்தான். வரி போட்டா விலை தானா ஏறிடும். வேலை தானா வந்துடாது. நெஜமா எங்க செய்யறாங்கன்னு நாமதான் கேக்கணும். தெரிஞ்ச நானே வாயை மூடிக்கிட்டா, யாரு கேப்பாங்க?"

உரித்த லேபிள்கள் குவிந்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு, அவள் கேட்டை நோக்கி நடந்தாள்.