ரிப்பன் கட்டிய குழாய்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. வெட்கம் என்பதே இல்லாத ஒரு மனிதரின் கதையைச் சொல்கிறேன்; முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு அவர்தான் தலைவர். இருபது வருடமாக அவருடைய வெள்ளைக் கோட்டில் ஒரு பொட்டுக் கறை கிடையாது. வேலை செய்தால்தானே கறை படும்! நடந்தால் கஞ்சி போட்ட துணி மொடமொடக்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் எல்லோருக்கும் அவர் 'மொடமொடப்பு'தான்.

கண்ணில் அமிலமோ காரமோ பட்டால் கழுவுவதற்கென்று அங்கே புதிதாக ஒரு குழாய் வைத்தார்கள். திறந்தால் தண்ணீர் மேல்நோக்கிப் பீய்ச்சும். வைத்து மூன்று மாதம் ஆயிற்று. யாரும் தொடக் கூடாதென்று சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டார் மொடமொடப்பு. பெரிய மனிதர் ஒருவர் வந்து திறந்து வைக்க வேண்டுமாம்! விழா நாள் காலையில், ஆட்கள் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடிகளையும் பிடுங்கி மேஜைமேல் அடுக்கினார், பார்வைக்கு.

கரைசல் தயாரிக்கும் உதவியாளர் வெறுங்கண்ணோடுதான் காஸ்டிக் சோடா என்ற காரத்தைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினாள். சூடேறி ஒரு சொட்டு வலது கண்ணில் தெறித்தது. காரம் அமிலத்தைவிடப் பொல்லாதது, உள்ளே அரித்துக்கொண்டே போகும் என்பது அவளுக்குத் தெரியும். உடனே கழுவ வேண்டும், கால்மணி நேரம் விடாமல். இல்லையென்றால் கண் போயிற்று.

பக்கத்தில் குடுவை துடைத்துக்கொண்டிருந்தவள் அவளுடைய நாத்தனார்.

“அண்ணி! என்னாச்சு?”

“கண்ணுல சோடாடி. குழாய்கிட்ட இழுத்துட்டுப் போ!”

கண்ணை மூடித் தடுமாறிப் போனவளுக்கு முன்னால் மொடமொடவென்று சத்தம் வந்து நின்றது.

“நில்லு, நில்லு! இன்னும் திறப்பு விழா ஆகல. கார் வாசலுக்கு வந்தாச்சு. அஞ்சு நிமிஷம் கைக்குட்டையால ஒத்திக்கோயேன்.”

“எரியுது சார்...”

“அஞ்சு நிமிஷத்துல கண்ணே போயிரும்,” என்றாள் நாத்தனார். “அப்புறம் உங்க பெரிய மனுஷன் அதையும் சேர்த்துத் திறந்து வைப்பாரா? தள்ளுய்யா!”

ரிப்பனை அறுத்துக் குழாயைத் திறந்தாள். அண்ணியின் முகத்தைத் தண்ணீரில் காட்டி, இமையை விரலால் பிரித்துப் பிடித்தாள். அண்ணி மனசுக்குள் நிமிடத்தை எண்ணத் தொடங்கினாள்.

மொடமொடப்பு என்ன செய்தார் தெரியுமா? மருத்துவரைக் கூப்பிட்டாரா? அறுந்த ரிப்பனை முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டை நிறுத்தி, குனிந்திருந்தவளின் பிடரிக்கு மேலேயே மறுபடி கட்டினார்!

பெரிய மனிதர் வந்தார். “அடடே, செஞ்சே காட்டுறீங்களா? பிரமாதம்மா!” அவள் பிடரிக்கு மேலே கத்தரி ஓடியது. ஒரே கைதட்டல்.

“எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான் சார்,” என்றது மொடமொடப்பு. 'என்றார்' என்று சொல்ல எனக்கு இனி வாய் வரவில்லை. “போதும்மா, எழுந்திரு, போட்டோ எடுக்கணும்.” குழாயை மூடக் கை நீண்டது.

“கையை எடுங்க சார். இன்னும் ஒன்பது நிமிஷம் இருக்கு,” என்றாள் அண்ணி, குனிந்தபடியே.

கை பின்வாங்கியது. பெரிய மனிதரும் அவர் பரிவாரமும் அவள் முதுகைப் பார்த்தபடி நின்றார்கள்.

கால்மணி முடிந்ததும் தலையைத் தூக்கினாள். முதலில் வெறும் பனிமூட்டம். கொஞ்சம் கொஞ்சமாக எதிரே கறையில்லாத வெள்ளைக் கோட்டில் ஓர் உருவம் தெளிந்தது.

“தெரியுதா அண்ணி?”

“தெரியுதுடி. தெரிஞ்சதும் முதல்ல இந்த ஆளு மூஞ்சியையா பாக்கணும்!”

நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு நடந்தாள்.

உங்கள் வீட்டில் எல்லோருடைய பார்வையும் கடைசிவரை தெளிவாக இருக்கட்டும், கண்ணுகளா. ஆபத்து நேரத்தில் அனுமதி கேட்டு நிற்காத கை ஒன்று எப்போதும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.